தோல் களம் இருந்த மனையில் காய்கறி போடலாமா?

ராணிப்பேட்டை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம்:

"வீட்டுக்குப் பின்னால் ஆறு சென்ட் இடம் இருக்கிறது. எட்டு வருடம் முன்பு வாங்கினோம். அதற்கு முன் அங்கே தோல் பதனிடும் டேனரிக்காரர்கள் தோல் காயப்போடும் களம் இருந்ததாம். ஒரு மூலையில் கொட்டகை போட்டு யாரோ பழைய பேட்டரி உடைத்து உருக்கினார்கள் என்று பக்கத்து வீட்டில் இப்போதுதான் சொல்கிறார்கள். என் அத்தை அந்த இடத்தில் முளைக்கீரை, பாலக், முள்ளங்கி, கத்தரி, வெண்டை, அவரை எல்லாம் போடுகிறார். கிணற்றுத் தண்ணீர்தான் பாய்ச்சுகிறோம். ஐந்தாறு நாட்டுக்கோழி உண்டு. மூன்று வயதிலும் ஏழு வயதிலும் குழந்தைகள். ஒரு வீடியோ பார்த்துப் பயந்து சோதனைக்குக் கொடுத்தோம். கொட்டகை மூலை மண்ணில் காரீயம் கிலோவுக்கு 310 மில்லிகிராம், மீதி இடத்தில் 42. காட்மியம் 0.7, 0.5. குரோமியம் 190, 380. பி.எச். 8.2. கீரையில் காரீயம் 1.9, காட்மியம் 0.3. கீரைக்கு வரம்பு 0.3 தான், உங்களுடையது ஆறு மடங்கு விஷம் என்கிறார்கள். ஆனால் எங்கள் மண்வள அட்டையில் துத்தநாகம் குறைவு என்பதைத் தவிர எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. அத்தை, 'எட்டு வருஷமா சாப்பிடறேன், எனக்கு என்ன ஆச்சு' என்கிறார். வெற்றிலை போட்டபடியே களை எடுக்கிற ஆள் அவர். நர்சரிக்காரர் கடுகும் சூரியகாந்தியும் போட்டால் மண் சுத்தமாகிவிடும், சுண்ணாம்பும் போடுங்கள் என்றார். மஞ்சள் தண்ணீரில் கழுவினால் போதுமா? மிச்சக் கீரையை அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கலாமா? எல்லாவற்றையும் பிடுங்கிவிடவா?"

அன்புள்ள சகோதரிக்கு,

பிடுங்க வேண்டாம். கொட்டகை இருந்த மூலையை மட்டும் உடனே அடைத்து மூடுங்கள். கிணற்றுத் தண்ணீரை இந்த வாரமே சோதனைக்குக் கொடுங்கள். நீங்கள் பயப்படும் கீரை இந்த இரண்டுக்கும் பிறகுதான் வருகிறது.

கன உலோகம் என்று மொத்தமாகச் சொல்லிவிடுவதால்தான் இவ்வளவு குழப்பம். உங்கள் அறிக்கையில் உள்ள மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்பவை. காரீயம் செடிக்குள் லேசில் ஏறாது. தூசியாக, கையில் ஒட்டிய மண்ணாக வாய்க்கு வந்து சேரும். காட்மியம் செடிக்குள் தாராளமாக ஏறி இலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். குரோமியம் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும், ஆனால் அதன் ஒரு வடிவம் தண்ணீரில் கரைந்து கிணறுவரை போகும். அதனால் "காய்கறி விஷமா?" என்று கேட்டால் ஆமாம் இல்லை என்று ஒற்றை வார்த்தையில் பதில் வராது. எந்த உலோகம், எந்த வழியாக வீட்டுக்குள் வருகிறது என்று பார்த்தால் செய்ய வேண்டியது தானாகத் தெரியும்.

முதலில் அந்த ஆறு மடங்கு விஷயத்தைத் தீர்த்துவிடுவோம். உங்கள் அறிக்கையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீரைப் பகுதிக்குக் கீழே பொடி எழுத்தில் "உலர் எடை அடிப்படையில்" என்று இருக்கிறது. அதாவது கீரையைக் காயவைத்துப் பொடியாக்கி, அந்தப் பொடியில் கிலோவுக்கு 1.9 மில்லிகிராம். கோடெக்ஸ் என்கிற சர்வதேச உணவு நெறிமுறை, கீரை வகைக்குக் காரீயம் 0.3, காட்மியம் 0.2 என்று வைத்திருப்பது பச்சைக் கீரைக்கு. முளைக்கீரையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். ஆகவே உங்கள் எண்ணைப் பத்தால் வகுக்க வேண்டும்: காரீயம் 0.19, காட்மியம் 0.03. இரண்டுமே வரம்புக்குள். ஆறு மடங்கு என்று சொன்னவர்கள் காய்ந்த எடையையும் பச்சை எடையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டுவிட்டார்கள். ஆய்வுக் கட்டுரைகளைப் பார்த்து எழுதப்படும் செய்திகளிலேயே இந்தத் தவறு நிறைய வருகிறது, அவர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். கீரையைக் கழுவாமல், கட்டாகக் கட்டி அப்படியே அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த 0.19-இல் இலைமேல் ஒட்டிய மண்ணும் சேர்த்தி. முளைக்கீரை தரையோடு வளர்வது. மழையிலும் குடத்தால் ஊற்றும்போதும் மண் தெறித்து இலையின் அடிப்புறத்தில் அப்பிக்கொள்ளும். காரீயத்தைப் பொறுத்தவரை இலைக்குள் இருப்பதைவிட இப்படி மேலே ஒட்டியிருப்பதே அதிகமாக இருப்பதுண்டு. அடுத்த முறை ஒரு கட்டைக் கழுவியும் ஒரு கட்டைக் கழுவாமலும் அனுப்பினால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

மண்வள அட்டை பற்றி. அது பொய் சொல்லவில்லை, அதனிடம் நாம் கேட்காததை அது சொல்லவில்லை, அவ்வளவுதான். பன்னிரண்டு விஷயம் பார்ப்பார்கள்: தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், அப்புறம் பி.எச்., உப்பின் அளவு, கரிமம். பயிருக்கு என்ன போட வேண்டும் என்று சொல்வதற்காக வந்த அட்டை அது. காரீயமும் காட்மியமும் குரோமியமும் அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஆனால் துத்தநாகம் குறைவு என்ற ஒரு வரி உங்களுக்கு உதவப்போகிறது.

சரி, அந்த மூலைக்கு வருவோம்.

காரீயம் 310. குழந்தைகள் விளையாடும் வீட்டு மண்ணுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை பல காலமாக 400 என்று வைத்திருந்த எல்லையை 2024-இல் 200 ஆகக் குறைத்தது. விவசாய மண்ணுக்குக் கனடா வைத்திருப்பது 70. நம் ஊர் ஆய்வுக் கட்டுரைகளில் 250 முதல் 500 வரை என்று எடுத்தாள்கிறார்கள். வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கும்போது நான் அந்தத் தாராளக் கணக்குக்குப் போகமாட்டேன். மீதி இடத்தில் 42 என்பது எந்தக் கணக்கிலும் பரவாயில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தவழ்கிற, ஓடுகிற வயதில் ஒரு குழந்தை விரல் வழியாகவும் தூசி வழியாகவும் ஒரு நாளைக்குப் பத்தில் ஒரு கிராம் மண்ணாவது விழுங்கும். சிட்டிகையில் கால்வாசிகூட இருக்காது. அது அந்த மூலையின் மண் என்றால் 31 மைக்ரோகிராம் காரீயம் உள்ளே போகிறது. அதே குழந்தை ஒரு வேளைக்கு நாற்பது கிராம் கீரை சாப்பிட்டால், உங்கள் அறிக்கைப்படி வருவது ஏறக்குறைய எட்டு மைக்ரோகிராம். கீரை வாரம் இரண்டு நாள். மண்ணில் விளையாட்டு தினமும். நீங்கள் கீரையை நிறுத்திவிட்டுக் குழந்தையை அந்த மூலையில் விளையாட விட்டால் கணக்கு எங்கே போகும் என்று புரிந்திருக்கும்.

அத்தைக்கும் இதே கதைதான். களை எடுத்த கையாலேயே வெற்றிலை மடித்து வாயில் போடுகிறார். கீரை சாப்பிடாதீர்கள் என்று சொல்வதைவிட, வெற்றிலைக்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள் என்று சொல்வது அவர் காதில் ஏறும் என நினைக்கிறேன். ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்தாலும் நல்லது, போட்டுக்கொள்வாரா என்பது வேறு விஷயம்.

மூலையை மூட மண்ணை வெட்டி அள்ள வேண்டாம். அள்ளினால் தூசி பறக்கும், அள்ளியதை எங்கே கொட்டுவது என்ற கேள்வியும் வரும். ஏரிக்கரையில் கொட்டினால் உங்கள் தொல்லை ஊர்த் தொல்லையாகிவிடும். தண்ணீர் தெளித்து, மேலே கெட்டியான துணியோ பழைய பிளக்ஸோ விரித்து, ஒரு அடி உயரத்துக்கு நல்ல மண் கொட்டிப் புல் வளர்த்துவிடுங்கள். முடிந்தால் சிமென்ட் தளமே போட்டு, துணி துவைக்கும் கல்லோ வண்டி நிறுத்தும் இடமோ ஆக்கிக்கொள்ளலாம். அதற்கு முன், கொட்டகை இருந்த எல்லையிலிருந்து பத்தடி, இருபதடி தள்ளி இரண்டு மாதிரி எடுத்துக் காரீயம் மட்டும் பாருங்கள். பேட்டரி உருக்கிய புகையும் சாம்பலும் கொட்டகைக்குள்ளேயே நின்றிருக்காது. "மீதி இடம்" என்று நீங்கள் கொடுத்தது ஐந்து சென்ட்டையும் கலந்து எடுத்த ஒரே மாதிரி. நடுவில் ஒரு திட்டு மட்டும் அதிகமாக இருந்தால் அது கலப்பில் காணாமல் போயிருக்கும்.

மாதிரி எடுக்கும்போது துத்தநாகம் பூசிய பாண்டிலும் துருப்பிடித்த மண்வெட்டியிலும் எடுக்க வேண்டாம், அதிலிருந்தே உலோகம் கலக்கும். மரக்குச்சி அல்லது துருப்பிடிக்காத கரண்டி, பிளாஸ்டிக் வாளி போதும். மேலிருந்து அரையடி ஆழம். ஒவ்வொரு திட்டிலும் ஏழெட்டு இடத்தில் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி அரைக்கிலோ கொடுங்கள்.

கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய கோழிதான் எனக்கு அதிகம் உறுத்தியது. கோழி நாள் முழுக்க மண்ணைக் கிளறிக் கொத்துகிறது. தீனியோடு மண்ணையும் விழுங்குகிறது. காரீயம் கலந்த மண்ணில் மேயும் கோழியின் முட்டையில் காரீயம் வருகிறது என்பது வெளிநாட்டு நகரங்களின் கொல்லைப்புறக் கோழிகளில் சோதித்துப் பார்த்த விஷயம். சாம்பலும் தளர்ந்த மண்ணுமாக இருக்கும் மூலை என்றால் கோழிக்கு மண் குளியலுக்கு அதைவிடப் பிடித்த இடம் கிடையாது. இன்றே வலை கட்டித் தடுங்கள். ஒரு மாதம் கழித்து இரண்டு முட்டையைச் சோதனைக்குக் கொடுக்கலாம். அதுவரை முட்டையைக் குழந்தைகளுக்குக் கொடுக்காமல் கடையில் வாங்குங்கள்.

இனி குரோமியம். இங்கே உங்கள் மாவட்டத்தின் வரலாறு கொஞ்சம் வேண்டும்.

பாலாற்றுப் பகுதியில் தோல் பதனிடுவது புதிதல்ல. முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் ஊறவைத்தார்கள், வாரக்கணக்கில் ஆகும். 1970களில் பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு, முழுதாக முடித்த தோலுக்கு மாற வேண்டியதாயிற்று. அதோடு குரோமியம் முறை வேகமாகப் பரவியது. ஆகவே உங்கள் களம் எந்தக் காலத்தது என்பது முக்கியம். ஊர்ப் பெரியவர்களிடம் விசாரியுங்கள்: அங்கே காய்ந்த தோல் பழுப்பாக இருந்ததா, நீலம் கலந்த பச்சையாக இருந்ததா? பழுப்பு என்றால் பட்டை. நீலப்பச்சை என்றால் குரோமியம். உங்கள் 380 என்ற எண் இரண்டாவதைச் சொல்கிறது. கனடா விவசாய மண்ணுக்கு வைத்திருக்கும் மொத்தக் குரோமிய எல்லை 64.

ஆனால் 380 என்பது மொத்தக் குரோமியம். அதில் இரண்டு வடிவம் உண்டு. டேனரியில் தோலுக்குப் போடும் குரோமிய உப்பு மூன்று இணைதிறம் உள்ளது. உங்கள் மண்ணைப் போலக் காரமான மண்ணில் அது கரையாமல் படிந்து கிடக்கும். செடி எடுத்தாலும் வேரில் நிறுத்திக்கொள்ளும், இலைக்கும் காய்க்கும் போவது சொற்பம். ஆறு இணைதிறம் உள்ள குரோமியம் வேறு ரகம். தண்ணீரில் கரையும், மண்ணில் பிடிபடாமல் நகரும், புற்றுநோய் உண்டாக்கும். ராணிப்பேட்டை சிப்காட்டில் 1990களின் நடுவில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாமல் விட்டுப்போன குப்பை மேட்டில் இருப்பது இந்த ரகம். உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்கள் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பான பிளாக்ஸ்மித் நிறுவனம் 2006-இல் வெளியிட்ட பட்டியலில் ராணிப்பேட்டை இடம்பெற்றது இதனால்தான். அதற்குப் பத்து வருடம் முன்பே, 1996-இல், வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியும் ஆயிற்று. தீர்ப்பு சட்டப் புத்தகங்களில் பாடமாக இருக்கிறது, மேடும் நெடுங்காலம் அங்கேயே இருந்தது.

உங்கள் வீடு அந்த மேட்டிலிருந்து எவ்வளவு தூரம், நிலத்தடி நீர் ஓடும் திசையில் இருக்கிறதா என்று எழுதவில்லை. அதனால்தான் கிணற்றைப் பார்க்கச் சொல்கிறேன். தண்ணீர் மஞ்சளாக இருந்தால் சோதனைக்கே காத்திருக்க வேண்டாம், நிறுத்திவிடுங்கள். தெளிவாக இருந்தால் மட்டும் நல்லது என்று அர்த்தமில்லை. கண்ணுக்கு நிறம் தெரிவதற்கு எவ்வளவோ முன்பே குடிநீர் எல்லை தாண்டிவிடும். இந்தியத் தரக் குறியீட்டில் குடிநீருக்குக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். பாசனத்துக்கு ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு சொல்வது 0.1.

தண்ணீர் கொடுப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இரண்டு பாட்டில் வேண்டும். காரீயம், காட்மியம், மொத்தக் குரோமியம் பார்ப்பதற்கு ஆய்வகத்தார் கொஞ்சம் நைட்ரிக் அமிலம் விட்ட பாட்டில் தருவார்கள். உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டாமல் இருக்க அது. ஆறு இணைதிறக் குரோமியத்துக்கு அமிலம் விடாத பாட்டில் தனியாக வேண்டும், குளிரில் வைத்து இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். அமிலத்தில் அது மூன்றாக மாறிவிடும், அறிக்கையில் "இல்லை" என்று வந்துவிடும். பரிசோதிக்கும் இடம், ஆய்வகங்களின் தரத்தைப் பார்த்துச் சான்று தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் பெற்றதா, அந்த அங்கீகாரம் இந்தச் சோதனைக்கும் சேர்த்துத்தானா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். கையோடு உப்பின் அளவும் குளோரைடும் பார்க்கச் சொல்லுங்கள், காரணம் கீழே வருகிறது. முடிவு வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் நகராட்சித் தண்ணீர். கொதிக்கவைப்பதால் உலோகம் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும்.

நர்சரிக்காரர் சொன்ன சுண்ணாம்பு உங்கள் மண்ணுக்கு வேண்டாம். அமில மண்ணில் காரீயத்தையும் காட்மியத்தையும் கட்டிப்போடச் சுண்ணாம்பு நல்ல வழிதான். உங்களுக்கு ஏற்கெனவே 8.2. மேலும் காரமாக்கினால் ஆறு இணைதிறக் குரோமியம் இன்னும் சுலபமாக நகரும். ஒரு உலோகத்துக்குப் பூட்டு, இன்னொன்றுக்குச் சாவி. அதற்குப் பதில் மக்கிய தொழுவுரம் போடுங்கள், சென்ட்டுக்கு வருடம் நூறு கிலோ அளவில். கரிமம் காரீயத்தைப் பிடித்துவைக்கும், ஆறு குரோமியத்தை மூன்றாக இறக்கவும் செய்யும். உரம் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் பாருங்கள். நகரக் குப்பையில் செய்த கம்போஸ்ட்டுக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணையில் காரீயம் 100, குரோமியம் 50, காட்மியம் 5 என்று எல்லையே வைத்திருக்கிறார்கள். வாங்கும்போது சோதனைச் சான்று கேளுங்கள். உங்கள் பக்கத்தில் தோல் கழிவில் செய்த உரம் மலிவாகக் கிடைக்கும். வேண்டவே வேண்டாம்.

ஏரி வண்டல் விஷயத்திலும் இதே எச்சரிக்கை. மூலையை மூடவும் பாத்தி உயர்த்தவும் மண் தேடும்போது இலவசமாக வண்டல் எடுக்க அனுமதி இருக்கிறதே என்று தோன்றும். மற்ற மாவட்டமாக இருந்தால் நானே எடுக்கச் சொல்வேன். டேனரிக் கழிவுநீர் வந்து சேர்ந்த ஏரியின் வண்டல், உங்கள் களத்து மண்ணைவிட மோசமாக இருக்க வாய்ப்புண்டு. மேட்டுநிலச் செம்மண்ணே போதும்.

காட்மியம் உங்கள் மண்ணில் 0.5. கனடா எல்லை 1.4. இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம், ஆனால் மூன்றில் செடிக்குள் அதிகம் ஏறுவது இதுதான் என்பதால் கண் வைத்திருக்க வேண்டும். ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் படுகையில் காமியோகா சுரங்கத்தின் கழிவு கலந்த நீரில் விளைந்த அரிசியைத் தின்று, எலும்பு நொறுங்கிப் போனவர்கள் பெரும்பாலும் வயதான பெண்கள். 1968-இல்தான் அந்த நாட்டு அரசு காட்மியம்தான் காரணம் என்று ஒப்புக்கொண்டது. உடலுக்குள் போன காட்மியம் சிறுநீரகத்தில் பத்து, இருபது வருடம் தங்கும். "எட்டு வருஷமா சாப்பிடறேன்" என்று அத்தை சொல்வதற்கு என் பதில் இது: அவர் மண்ணில் காட்மியம் குறைவு என்பதால் எட்டு வருடம் பத்திரமாகவே போயிருக்கலாம், ஆனால் உடம்பில் ஒன்றும் தெரியவில்லை என்பது அதற்குச் சாட்சி ஆகாது. இதை நீங்கள் சொன்னால் சண்டை வரும். இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள்.

துத்தநாகமும் காட்மியமும் வேருக்குள் நுழைய ஒரே கதவைப் பயன்படுத்துகின்றன. மண்ணில் துத்தநாகம் குறைந்தால் அந்த இடத்தில் காட்மியம் அதிகம் நுழையும். அட்டை குறைவு என்று சொல்லியிருப்பதால் சென்ட்டுக்கு நூறு கிராம் துத்தநாக சல்பேட் மணலில் கலந்து தூவுங்கள். கிணற்று நீரில் குளோரைடு பார்க்கச் சொன்னதும் இதற்காகத்தான்: தோல் பதனிடும் இடங்களில் குரோமியத்தைவிட அதிகமாக மண்ணில் இறங்கியிருப்பது சமையல் உப்பு, அதன் குளோரைடு காட்மியத்தோடு சேர்ந்துகொண்டு அதைச் செடிக்கு எளிதாக்கித் தருகிறது. உப்பு அதிகம் என்றால் கீரைப் பாத்திக்கு மட்டுமாவது மழைநீர் சேமித்து ஊற்றப் பாருங்கள்.

எதை எங்கே போடுவது? பொதுவாக இலையில் அதிகம், கிழங்கில் அதற்கடுத்து, காயில் குறைவு, பருப்பு வகையில் அதைவிடக் குறைவு. ஆகவே அவரை, வெண்டை, பீர்க்கு, புடலை, சுரை இவற்றைத் தயங்காமல் போடுங்கள். முள்ளங்கி மண்ணுக்குள்ளேயே வளர்வது, தோலில் மண் ஒட்டும். மூலைக்கு அருகில் வேண்டாம், மற்ற இடத்தில் விளைந்தால் தோல் சீவிச் சமையுங்கள். பாலக்கும் முளைக்கீரையும் காட்மியத்தை இழுப்பதில் முன்னணி. அத்தைக்குக் கீரை இல்லாமல் முடியாது என்றால் உயர்த்திய பாத்தி ஒன்று கட்டிக்கொடுங்கள்: ஒரு அடி உயரம், அடியில் நெய்த விரிப்பு, வெளியிலிருந்து வந்த செம்மண்ணும் தொழுவுரமும். முளைக்கீரை வேர் அதற்குக் கீழே அதிகம் போகாது. பாத்தி மேலே வைக்கோல் பரப்பினால் மண் தெறிப்பதும் நிற்கும்.

கத்தரி, காய் வகையிலேயே கொஞ்சம் விதிவிலக்கு. மற்றக் காய்களைவிடக் காட்மியத்தைக் கூடுதலாக எடுக்கும். இதற்கு ஜப்பானியர்கள் கண்ட வழி நம் வீட்டுச் சரக்கு. சுண்டைக்காய்ச் செடியின் அடிவேரில் கத்தரியை ஒட்டுக் கட்டினால் காயில் காட்மியம் கணிசமாகக் குறைகிறது, ஏனெனில் சுண்டை வேர் அதை மேலே அனுப்புவதில்லை. வாடல் நோய்க்காக இங்கேயும் சுண்டை ஒட்டுக் கத்தரி நாற்று விற்கிறார்கள். அத்தை போடுவது இலவம்பாடி முள்ளுக் கத்தரியாக இருந்தால் அதே ரகத்தை ஒட்டுக் கட்டித் தருவார்களா என்று கேட்டுப்பாருங்கள். ருசியை விட்டுக்கொடுக்க அவர் சம்மதிக்கமாட்டார்.

கடுகு, சூரியகாந்தி யோசனை கேட்பதற்கு அழகாக இருக்கிறது. கணக்குப் போட்டால் நிற்காது. ஒரு சென்ட்டில் அரையடி ஆழ மண் சுமார் எட்டு டன். கிலோவுக்கு 310 மில்லிகிராம் என்றால் அதில் இரண்டரைக் கிலோ காரீயம் இருக்கிறது. ஒரு போகக் கடுகு, வேரும் தண்டும் சேர்த்துக் காய்ந்து இருபது கிலோ வரும் என்று வையுங்கள். தாராளமாகக் கிலோவுக்கு 100 மில்லிகிராம் இழுத்தாலும் ஒரு போகத்துக்கு இரண்டு கிராம். ஆயிரத்து இருநூறு போகம் போட வேண்டும். அறுத்த செடியை மாட்டுக்கும் போட முடியாது, எரிக்கவும் முடியாது, உரக்குழியிலும் போட முடியாது. விதை விற்பவருக்கு லாபம். மூலையில் ஏதாவது பச்சையாக இருக்க வேண்டும் என்றால், மூடிய மண்மேல் வெட்டிவேரோ புல்லோ வைக்கலாம். அது இழுப்பதற்கு இல்லை, மண் பறக்காமல் பிடித்துவைப்பதற்கு.

மஞ்சள், உப்பு, புளி, வினிகர் எதில் ஊறப்போட்டாலும் இலைக்குள் போன உலோகம் வராது. மேலே ஒட்டிய மண் போக வெறும் தண்ணீரே போதும். அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு அலசி, கீரையை மேலாக அள்ளி எடுங்கள், தண்ணீரைக் கீரையோடு சேர்த்து வடிக்காதீர்கள். அடியில் தங்கிய மண் மறுபடி அதன்மேலேயே விழும். அடியில் மண் தெரியாத வரைக்கும் மூன்று தடவையாவது.

குழந்தைகள் இருவருக்கும் ரத்தத்தில் காரீயம் பார்க்கச் சொல்லிக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். டெசிலிட்டருக்கு, அதாவது நூறு மில்லி ரத்தத்துக்கு, 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். பாதுகாப்பான அளவு என்று எதையும் அவர்கள் சொல்வதில்லை. கூடவே இரும்புச் சத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். இரும்பும் கால்சியமும் குறைந்த உடம்பு காரீயத்தையும் காட்மியத்தையும் அதிகமாக உறிஞ்சும். பயந்துபோய்க் கீரையை முழுக்க நிறுத்திவிடுவது ஏன் சரியில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம். கொல்லைக்குப் போட்ட செருப்பைக் கதவுக்கு வெளியே விடுங்கள், வீட்டைப் பெருக்குவதைக் குறைத்து ஈரத்துணியால் துடையுங்கள்.

அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கும் விஷயம்: அவரை, வெண்டை, பந்தல் காய்களை இப்போதே கொடுக்கலாம், கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாக இல்லை என்றால். கீரையை உயர்த்திய பாத்தியில் விளைந்த பிறகு கொடுங்கள். கொட்டகை மூலையிலிருந்து இருபதடிக்குள் விளைந்த எதையும், அந்த இரண்டு மாதிரியின் முடிவு வரும்வரை, யாருக்கும் கொடுக்க வேண்டாம். முட்டையும் அப்படியே. தண்ணீர் முடிவு வந்ததும் எனக்கு அனுப்புங்கள். உலர் எடையா பச்சை எடையா என்ற குழப்பம் தண்ணீரில் இல்லை, ஆனால் மில்லிகிராமா மைக்ரோகிராமா என்று ஒரு முறைக்கு இரு முறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.